30 நாள் தாண்டிவிட்டது என்று பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்!

மருத்துவக் காப்பீடு: வாசகர் கேள்வி, பதில்

கிளெய்ம், அதாவது காப்பீட்டுப் பணத்தைக் கேட்டு வாங்குவது பற்றிய சந்தேகங்களை அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. பணம் வர வேண்டிய எத்தனையோ பேர், யாரோ ஒருவர் "தேதி போயிடுச்சு" என்று சொன்ன ஒரே வார்த்தையில் பில்லையெல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டிருக்கிறார்கள். கிளெய்ம் மேசையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான், அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

"என் அம்மாவுக்கு வயது 67. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்து, பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்டென்ட் வைத்தார்கள். 6 நாள் கழித்து டிஸ்சார்ஜ். 2,38,000 ரூபாயை நகை அடகு வைத்துக் கட்டினோம். அது எங்கள் பாலிசியின் நெட்வொர்க்கில், அதாவது நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட மருத்துவமனைகளின் பட்டியலில், இல்லாத மருத்துவமனை. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லணும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. இப்போது டிஸ்சார்ஜ் ஆகி 52 நாள் ஆகிறது. ஏஜென்ட்டிடம் கேட்டால் '30 நாளோடு முடிஞ்சது, இனி ஒண்ணும் பண்ண முடியாது' என்கிறார். நிஜமாகவே முடிந்துவிட்டதா?"
வாசகி, திண்டுக்கல்

முடியவில்லை அம்மா. இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஏஜென்ட் சொல்லும் அந்த 30 நாள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கிளெய்முக்கு இரண்டு கெடு உண்டு, பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, தகவல் சொல்வதற்கான கெடு. இன்னொன்று, காகிதங்களைக் கொடுப்பதற்கான கெடு. எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தோடு விற்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வந்த 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியை எடுத்துக்கொண்டால், அவசரமாகச் சேர்த்தால் 24 மணி நேரத்துக்குள் அல்லது டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன், இதில் எது முதலில் வருகிறதோ அதற்குள் தகவல் சொல்ல வேண்டும். முன்கூட்டியே தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் சேர்வதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கையிலிருந்து பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கும் ரீஇம்பர்ஸ்மென்ட் என்றால், டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 30 நாளுக்குள் காகிதங்கள் போய்ச் சேர வேண்டும். மற்ற பாலிசிகளில் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். உங்கள் பாலிசிப் புத்தகத்தில் கிளெய்ம் நடைமுறை என்று ஒரு பகுதி இருக்கும், அதில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு.

சரி, இரண்டு கெடுவையும் தாண்டிவிட்டீர்கள். அதோடு பணம் போனதா என்றால், இல்லை. இந்த விதியை எதற்காக வைத்தார்கள் என்று யோசித்தால் புரியும். நோயாளி படுக்கையில் இருக்கும்போதே தேவைப்பட்டால் ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கலாம், பொய் பில் வராமல் தடுக்கலாம் என்பதற்காகத்தான். நிஜமாக நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தவரின் பணத்தை மறுக்க அதை ஒரு சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. இது என் சொந்தக் கருத்து மட்டும் அல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20 அன்றே எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. தவிர்க்க முடியாத காரணத்தால் தகவலோ காகிதமோ தாமதமானால், தாமதம் என்ற ஒன்றை மட்டும் வைத்து நியாயமான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்பதுதான் அதன் சாரம். லாரி திருடுபோன ஒரு வழக்கில் 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதே வழியில்தான் போனது. உரிமையாளர் நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல 8 நாள் ஆகியிருந்தது. தாமதத்துக்கு அவர் திருப்தியான காரணம் சொல்லும்போது, தொழில்நுட்பக் காரணம் காட்டி மறுத்தால் காப்பீட்டின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையே போய்விடும் என்றது.

ஆக, உங்கள் கையில் இருக்க வேண்டியது காரணம். அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கிளெய்ம் படிவத்தை மட்டும் நிரப்பி அனுப்பினால், மேசையில் இருப்பவர் டிஸ்சார்ஜ் தேதியையும் வந்து சேர்ந்த தேதியையும் பார்ப்பார், காரணம் எங்கேயும் இல்லை, 'தாமதம்' என்று முத்திரை விழும். அதனால் படிவத்துக்கு மேலே ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். உங்களுக்காக நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"என் தாயார் இன்ன தேதி இரவு 1.40 மணிக்கு நெஞ்சுவலியுடன் அவசரமாகச் சேர்க்கப்பட்டார். அன்றிரவே ஸ்டென்ட் வைக்கப்பட்டது. ஆறு நாளும் மருத்துவமனையில் உடனிருந்தது நான் ஒருத்திதான். வீடு திரும்பிய பிறகும் அவரைத் தனியே விட முடியாத நிலை. மறுபரிசோதனைக்கு இன்னின்ன தேதிகளில் சென்றோம், சீட்டுகள் இணைத்துள்ளேன். இதனால் உரிய நேரத்தில் தகவல் தரவும் ஆவணங்களை அனுப்பவும் இயலவில்லை. தாமதத்தைப் பொறுத்து கிளெய்மைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி, தேதியோடு. இங்கே சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் முழுக் கடிதத்திலேயே இத்தனையும் இருக்கிறது, புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். மறுபரிசோதனைச் சீட்டுகளின் நகல்தான் இதில் சாட்சி, அதை மறந்துவிடாதீர்கள்.

காகிதங்கள் என்றால்: நீங்கள் நிரப்பும் படிவத்தின் முதல் பகுதி, மருத்துவமனை நிரப்பிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரும் இரண்டாம் பகுதி, டிஸ்சார்ஜ் சம்மரி, எதெதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்ட இறுதி பில், பணம் கட்டிய ரசீதுகள், மருந்துச் சீட்டோடு சேர்த்து மருந்து பில்கள், ஈசிஜி, ஆஞ்சியோ, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்கள், பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை, அடையாள அட்டை நகல். ஸ்டென்ட் விஷயத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. ஸ்டென்ட் வந்த பெட்டியில் வரிசை எண்ணோடு ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அதை மருத்துவமனையின் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள். அந்த ஸ்டிக்கரையோ அது இருக்கும் பக்கத்தின் நகலையோ, ஸ்டென்ட்டின் விலைப் பட்டியலையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். இது இல்லாமல்தான் இதய கிளெய்ம்கள் வாரக் கணக்கில் நிற்கும், அப்புறம் 'இன்னும் ஒரு ஆவணம் தேவை' என்று கடிதம் வரும், அதற்குப் பதில் அனுப்பாமல் விட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் ஒரு செட் நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டு, ஒரிஜினலை விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அலுவலகம் பக்கத்தில் இருந்தால் நேரில் போய்க் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், இன்றைக்கே, மின்னஞ்சலிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்கிவிடுங்கள்.

ஏஜென்ட் பற்றி ஒரு வார்த்தை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் "முடிஞ்சது" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. நிறுவனம் மறுப்பதாக இருந்தால் பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். 2024 முதல், நிறுவனத்துக்குள் இருக்கும் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் எந்த கிளெய்மையும் நிராகரிக்கவே முடியாது. அந்தக் குழுவுக்கு முன்னால் உங்கள் கடிதம் போகட்டும். பணம் வந்தே தீரும் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் அனுப்பாத கிளெய்முக்கு யாரும் பணம் தர முடியாது.

இன்னொன்று. உங்களுக்கு 52ஆம் நாள் என்கிறீர்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு வாங்கிய மருந்துக்கும் செய்த பரிசோதனைக்கும் இன்னும் காலம் இருக்கிறது. அடுத்த பதிலைப் பாருங்கள்.

"அப்பாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் கேஷ்லெஸ்ஸில் முடிந்தது. அதன்பிறகு மருந்து, பிசியோதெரபி என்று 40,000 ரூபாய் வரை செலவாகிவிட்டது. இதையும் கேட்கலாமா? எப்போது கொடுக்க வேண்டும்?"
வாசகர், கும்பகோணம்

கேட்கலாம், கேட்க வேண்டும். கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே நேராக மருத்துவமனைக்குப் பணம் கட்டும் முறை. அது முடிந்ததும் கிளெய்மே முடிந்தது என்று நினைத்து இந்தத் தொகையை விட்டுவிடுபவர்கள் ஏராளம். ஆரோக்ய சஞ்சீவனியில் சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவும் சேரும். பல பாலிசிகளில் இது 60, 90 என்று இன்னும் கூடுதலாக இருக்கும். அதே நோய்க்கான செலவாக இருக்க வேண்டும், டாக்டரின் சீட்டு இருக்க வேண்டும். பிசியோதெரபிக்கு டாக்டர் எத்தனை நாள் என்று எழுதித் தந்த சீட்டு இல்லையென்றால் இப்போதே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

கெடு இங்கே வேறு கணக்கு. சேர்வதற்கு முன் ஆன செலவுக்கு டிஸ்சார்ஜிலிருந்து 30 நாள். பின்னால் ஆன செலவுக்கு, அந்தச் சிகிச்சை முடிந்த நாளிலிருந்து 15 நாள். இந்த 15ஐத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள், ஏனென்றால் அதற்குள் வீட்டில் ஆஸ்பத்திரி நினைப்பே போய்விடும். டிஸ்சார்ஜ் ஆன அன்றே காலண்டரில் 60ஆம் நாளையும் 75ஆம் நாளையும் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள்.

பில்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் மஞ்சள் பையோடு என் மேசைக்கு வந்தார். மனைவியின் மருந்து பில்களை நாள் வாரியாக அடுக்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவுக்குள் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார். வெளியே எடுத்தால் பாதிச் சீட்டு வெறும் வெள்ளைக் காகிதம். மெஷினில் சூட்டினால் அச்சாகும் அந்த வழவழப்புக் காகிதத்தில் மை கிடையாது, அதனால் எழுத்து தானே மறைந்துவிடும், பிளாஸ்டிக் கவர் பட்டால் இன்னும் சீக்கிரம் போகும். லேமினேட் செய்தால் சூட்டில் மொத்தமும் கறுத்துவிடும். அவர் ஒரு பில்லைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நல்லவேளை, சில சீட்டுகளில் பில் எண் மட்டும் தெரிந்தது. மருந்துக்கடையில் கம்ப்யூட்டரிலிருந்து மறுபடி எடுத்து முத்திரை போட்டுத் தந்தார்கள். நீங்கள் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, கூடவே ஒரு ஜெராக்ஸும் எடுத்து ஒரிஜினலோடு பின் பண்ணி வையுங்கள்.

"டாக்டர் காலை 10 மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார். 'இன்சூரன்ஸ் அப்ரூவல் வரல' என்று இரவு 9 மணி வரை உட்கார வைத்து, ஒரு நாள் அறை வாடகையும் சேர்த்துப் போட்டார்கள். இதற்கு விதி இல்லையா?"
வாசகர், தாம்பரம்

இருக்கிறது. 2024 மே 29 அன்று ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கேட்டு விண்ணப்பம் போனால் காப்பீட்டு நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதைத் தாண்டி அவர்களால் தாமதமாகி மருத்துவமனை கூடுதலாகப் பணம் கேட்டால், அந்தத் தொகையை நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து கட்ட வேண்டும். நீங்கள் கட்ட வேண்டியதில்லை. சிகிச்சையின்போது நோயாளி இறந்துபோனால், கிளெய்மை உடனே முடித்து உடலை மருத்துவமனையிலிருந்து உடனே பெற்றுத் தர வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. துக்கத்தில் நிற்கும் குடும்பத்தை பில் கவுண்டரில் நிறுத்தி வைக்கும் கொடுமையை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வரியைத் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 3 மணி நேரம் டாக்டர் வாய் திறந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்குவதில்லை, மருத்துவமனை டிஸ்சார்ஜ் கோரிக்கையை அனுப்பிய நேரத்திலிருந்துதான். வார்டில் மீதி மருந்தைத் திருப்பி, லேப் கணக்கைச் சேர்த்து, சம்மரி தட்டச்சு செய்து, பில் போட்டு அனுப்பவே மதியம் தாண்டிவிடும் மருத்துவமனைகள் உண்டு. பழி மட்டும் இன்சூரன்ஸ் மேல். அதனால் கவுண்டரில் சண்டை போடாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஃபைனல் பில்லை எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?" திரையில் தெரியும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நிறுவனத்தின் எண்ணுக்குப் போன் செய்து அவர்களுக்கு எப்போது வந்தது என்று கேளுங்கள். தவறு யார் பக்கம் என்பது அந்த இரண்டு நேரத்தில் தெரிந்துவிடும், புகார் கடிதத்திலும் அதைத்தான் எழுத வேண்டும்.

"5 லட்சம் பாலிசி. பில் 2,10,000. கைக்கு வந்தது 1,55,000 தான். பாலிசித் தொகைக்குள்தானே இருக்கிறது, ஏன் வெட்டினார்கள்?"
வாசகர், ஈரோடு

நீங்கள் இணைத்த கணக்கைப் பார்த்தேன். உங்கள் பாலிசியில் அறை வாடகை ஒரு நாளைக்கு 5,000 வரைதான். நீங்கள் எடுத்தது 8,000 ரூபாய் அறை, 4 நாள். வாடகையில் மட்டும் 12,000 போகும் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் அறையைப் பொறுத்து மாறும் கட்டணங்கள், அதாவது டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் இவையும் அதே விகிதத்தில், எட்டுக்கு ஐந்து என்று குறையும். உங்களுக்கு அந்தத் தலைப்பில் 96,000 ஆகியிருக்கிறது, அது 60,000 ஆனது. ஆக 48,000 இங்கேயே போயிற்று. மீதி 7,000 கையுறை, டயப்பர், பதிவுக் கட்டணம் மாதிரி பாலிசியில் சேராத பொருட்கள்.

இதில் வெட்டக் கூடாதவையும் உண்டு. மருந்து, உடலுக்குள் வைக்கும் உபகரணம், பரிசோதனைக் கட்டணம், ஐசியு கட்டணம் இவற்றில் அந்த விகித வெட்டு போடக் கூடாது. உங்கள் கணக்கில் அப்படிப் போடவில்லை, அதனால் எதிர்த்து எழுத இடமில்லை. மற்ற வாசகர்கள் தங்கள் செட்டில்மென்ட் கடிதத்தை இந்த ஒரு விஷயத்துக்காகவாவது திரும்ப ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

"வருடப் பிரீமியம் கட்ட வேண்டிய தேதி 4. மறந்துவிட்டேன். 13ஆம் தேதி மகனுக்கு டெங்கு, அட்மிட் செய்தோம். 16ஆம் தேதி பிரீமியம் கட்டினேன். 30 நாள் கிரேஸ் இருப்பதால் கிளெய்ம் கிடைக்கும்தானே?"
வாசகர், வேலூர்

கிடைக்காது ஐயா, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. வருடத்துக்கு ஒரே தவணையாகக் கட்டுபவர்களுக்கு அந்த 30 நாள் என்பது பாலிசி செத்துப்போகாமல் காப்பாற்றிக்கொள்ளத் தரும் அவகாசம். காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்குப் பாதுகாப்பு தொடங்கும் முன் கழிய வேண்டிய காலம்), பழைய வருடங்களின் சலுகை எல்லாம் தொடரும். ஆனால் 4ஆம் தேதிக்கும் 16ஆம் தேதிக்கும் நடுவில் வந்த நோய்க்குப் பாதுகாப்பு கிடையாது. மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ தவணையாகக் கட்டுபவர்களுக்கு மட்டும் கிரேஸ் நாட்களிலும் பாதுகாப்பு உண்டு. மாதத் தவணைக்கு அந்த அவகாசம் 15 நாள். மறதி வருகிறவர்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிடுவது நல்லது. மகன் குணமாகிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி.

"கம்பெனியில் 3 லட்சம் குரூப் பாலிசி, சொந்தமாக 5 லட்சம் பாலிசி. பில் 4,20,000. ஒரிஜினல் பில் ஒன்றுதானே இருக்கிறது, இரண்டு இடத்தில் எப்படிக் கொடுப்பது?"
வாசகி, கோவை

எதில் முதலில் கேட்பது என்பது உங்கள் விருப்பம். குரூப் பாலிசியில் முதலில் கேட்டுவிட்டு, மீதியைச் சொந்தப் பாலிசியில் கேளுங்கள் என்றுதான் நான் சொல்வேன், சொந்தப் பாலிசியின் தொகை குறைவாகவே செலவாகும். ஒரிஜினல் முதல் நிறுவனத்துக்குப் போகும். இரண்டாவதுக்கு, முதல் நிறுவனம் சான்றிட்டுத் தரும் நகல்களும் அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற செட்டில்மென்ட் கடிதமும் போதும்.

சிக்கல் நாளில்தான். முதல் நிறுவனம் முடிப்பதற்குள் இரண்டாவதின் 30 நாள் ஓடிவிடும். அதனால் அட்மிட் ஆன அன்றே இரண்டு இடத்துக்கும் தகவல் சொல்லி இரண்டு கிளெய்ம் எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் இரண்டாவது நிறுவனத்துக்கு "முதல் கிளெய்ம் பரிசீலனையில் உள்ளது, முடிந்ததும் ஆவணங்களை அனுப்புகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். பின்னால் தாமதம் என்று பேச்சு வந்தால் அந்த மின்னஞ்சலே உங்களைக் காப்பாற்றும்.

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அவசரத்தில் தனியார் மருத்துவமனையில் 80,000 கட்டிவிட்டோம். பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்க முடியுமா?"
வாசகர், விழுப்புரம்

அது பில் கொடுத்துப் பணம் வாங்கும் திட்டம் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில், திட்டத்தில் உள்ள சிகிச்சைக்கு, பணமே கட்டாமல் பார்த்துக்கொள்ளும் திட்டம். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. சேரும்போதே அட்டையைக் காட்டி ஒப்புதல் வாங்கினால்தான் உண்டு. உங்கள் ஊரைச் சுற்றி எந்தெந்த மருத்துவமனை அதில் இருக்கிறது என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் இப்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி அட்டையோடு வைத்துவிடுங்கள். அவசரத்தில் கூட ஓடி வருகிறவர் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

"2018இல் எடுத்த பாலிசி, ஒரு வருடமும் விடாமல் புதுப்பித்தோம். போன வருடம் என் கணவருக்கு பைபாஸ். '2016லேயே ரத்தக் கொதிப்பு இருந்ததை மறைத்துவிட்டீர்கள்' என்று மறுத்துவிட்டார்கள். ஆனால் அவருக்கு மாத்திரை ஆரம்பித்தது 2020இல். கடிதம் வந்து 10 மாதம் ஆகிறது. இனி வழி இருக்கிறதா?"
வாசகி, திருநெல்வேலி

இருக்கிறது, ஆனால் இந்த வாரமே தொடங்க வேண்டும்.

அந்த 2016 எங்கிருந்து வந்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். 'கடந்த 9 வருடமாக ரத்தக் கொதிப்பு' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அட்மிட் செய்யும் பதற்றத்தில் டியூட்டி டாக்டர் "எத்தனை வருஷமா பிபி?" என்று கேட்பார், பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர் "அது ஆச்சு, எட்டொம்பது வருஷம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார், அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். எத்தனையோ கிளெய்ம்கள் இந்த ஒரு வரியில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதன்முதலில் மாத்திரை எழுதிய டாக்டரிடம் போய், எந்த வருடம் ஆரம்பித்தது என்று அவருடைய பதிவைப் பார்த்துக் கடிதம் வாங்குங்கள். 2020ஆம் வருடச் சீட்டு வீட்டில் கிடந்தால் அது தங்கம்.

அதைவிடப் பெரிய பலம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து வந்த விதிப்படி, தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், சொல்லாமல் விட்டார்கள் என்ற காரணத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிறுவனம் நிரூபித்தால் மட்டுமே விதிவிலக்கு. முன்பு இது 96 மாதமாக இருந்தது. நடுவில் காப்பீட்டுத் தொகையை உயர்த்தியிருந்தால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் அந்த நாளிலிருந்து தனியாக 60 மாதம் எண்ணுவார்கள். 2018க்கு உங்கள் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இந்த இரண்டையும் சொல்லி எழுதுங்கள். ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலும் பதியலாம், 155255க்குப் போன் செய்தும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்பட்ஸ்மன், இவர் நிறுவனத்தின் ஆள் அல்ல) போகலாம். நிறுவனம் உங்கள் முறையீட்டை மறுத்ததிலிருந்து ஒரு வருடம் அதற்குக் கெடு. ஆனால் முதல் மறுப்புக் கடிதத்திலிருந்தே எண்ணிக்கொண்டு போவதுதான் பத்திரம், அதனால்தான் இந்த வாரமே என்றேன். தமிழ்நாட்டுக்கும், புதுச்சேரி நகரத்துக்கும், காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், நீங்களே பேசலாம். 50 லட்சம் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. உத்தரவை நிறுவனம் 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும், தவறினால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம் உண்டு. நீங்கள் கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கேயும் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது குறைதீர்ப்பாளர் அதே புகாரை எடுக்க மாட்டார், அதனால் முதலில் குறைதீர்ப்பாளர். புகாரோடு மறுப்புக் கடிதம், 2018 முதல் புதுப்பித்த ரசீதுகள், டாக்டரின் கடிதம், நீங்கள் நிறுவனத்துக்கு எழுதியதன் நகல், அனுப்பிய தபால் ரசீது இவ்வளவும் போகட்டும். பழைய புதுப்பித்தல் ரசீது ஏதாவது தொலைந்திருந்தால் நிறுவனத்திடமே எழுதிக் கேளுங்கள், அது கைக்கு வரும்வரை குறைதீர்ப்பு அதிகாரிக்கான கடிதத்தை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள்.